மூன்று லிட்டர் தண்ணீரும் ஒரு சிவப்பு டோக்கனும்

என் தங்கையைத் தண்ணீர் குடிக்க வைப்பது மாதிரிக் கஷ்டமான வேலை இந்த உலகத்தில் வேறு கிடையாது. நாற்பத்திரண்டு தையல் மெஷின்களையும் அவற்றின் முன்னால் உட்கார்ந்திருந்த நாற்பத்திரண்டு வாய்களையும் கட்டி மேய்த்தவள் நான். அப்படிப்பட்ட எனக்கே இந்த ஆறு வாரத்தில் போதும் போதும் என்றாகிவிட்டது.

விஷயம் இதுதான். சின்னவளும் நானும் வெளிநாட்டுக்குச் சுற்றுலா போவதாக ஏற்பாடு. பாலைவன நாடு. மொத்தம் முப்பத்தாறு பேர், கூடவே ஒரு டூர்காரர், அங்கே போய் இறங்கியதும் ஒரு கைடு. பத்து நாளில் மூன்று பழங்கால நகரங்கள். ஒன்று மலையைக் குடைந்து செய்தது, ஒன்றில் தூண்கள் மட்டும் மிச்சம், மூன்றாவது முழுக்க முழுக்க மண்ணால் கட்டியது. முதல் இரண்டையும் காட்டாவிட்டால்கூடச் சின்னவளுக்குக் கவலை இல்லை. அந்த மூன்றாவதுக்காகத்தான் அவள் இத்தனை வருஷம் ஏங்கிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்த தையல் ஃபேக்டரியில் ஒரு ஜாக்கெட் தைத்தோம். ஜாக்கெட் என்றதும் ரவிக்கை என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளைக்காரர்கள் ஊர் சுற்றப் போகும்போது மாட்டிக்கொள்கிற காக்கிக் கோட்டு. பதினோரு பாக்கெட். அதில் இடது பக்கக் கீழ்ப் பாக்கெட்டைத் தைப்பது சின்னவள். நாளைக்கு முந்நூறு இடது கீழ்ப் பாக்கெட், இருபத்திரண்டு வருஷம். கோட்டின் மாடல் மாறும், காலர் மாறும், அவள் பாக்கெட் மட்டும் மாறாது. ஃபேக்டரியில் அவளுக்குப் பேரே ‘பாக்கெட்’தான்.

அவள் மெஷினுக்கு நேர் எதிரே, சாம்பிள் மாட்டுகிற பலகையில், அந்தக் கோட்டின் விளம்பரப் படம் குத்தியிருக்கும். தொப்பி போட்ட ஒருவன் எங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். அவனுக்குப் பின்னால் ஒரு பெரிய மண் வாசல். சுவரெங்கும் மரக்கட்டைகள் துருத்திக்கொண்டிருக்கும். எல்லாப் பெண்களும் அவனைப் பார்த்துக் கேலி பேசிக்கொண்டிருக்க, இவள் மட்டும் சுவரைப் பார்த்தாள்.

“ஏங்க்கா, அது முழுக்க மண்ணுதானே? மழை வந்தா கரையாதா?”

“அங்க மழையே வராதுடி. நீ பாக்கெட்டப் பாரு.”

“வந்தா?”

இப்படித்தான் அவள். பத்து வார்த்தை பேசுகிற இடத்தில் ஒன்று பேசுவாள். அந்த ஒன்று ஆளை உட்கார விடாது.

அவள் மகள் வெளிநாட்டில் நர்ஸ். அம்மா ஓய்வு பெற்றதும் அந்த மண் வாசலைத் தேடிக் கண்டுபிடித்து, எந்த நாடு, எந்த டூர் என்று விசாரித்து, இரண்டு பேருக்கும் இடம் போட்டுவிட்டாள். “பெரியம்மா கூட வந்தாத்தான் அம்மா வீட்ட விட்டுக் கிளம்புவாங்க” என்று போனில் சொன்னாள். என்னமோ எனக்கு வேற வேலையே இல்லாத மாதிரி. உண்மையில் இல்லைதான்.

டூர் ஆபீசில் ஒரு தாள் கொடுத்தார்கள். டாக்டர் பரிசோதித்து, இவர் பயணத்துக்குத் தகுதியானவர் என்று கையெழுத்துப் போட வேண்டும். என் தாளில் அரை நிமிஷத்தில் போட்டுவிட்டார். சின்னவளின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்ததும் பேனாவை மூடினார்.

“கிட்னி நம்பர் ஏறியிருக்கும்மா. ஒண்ணு புள்ளி ஆறு. ஏற்கனவே ரெண்டு தடவை கல்லு வேற வந்திருக்கு. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?”

அவள் என்னைப் பார்த்தாள்.

“ரெண்டு டம்ளர்” என்று நான்தான் சொன்னேன்.

“ரெண்டு டம்ளரா? அதுல ஒண்ணு மாத்திரை முழுங்கறதுக்கா?” என்றார் டாக்டர். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. “பாலைவனத்துல நாளைக்கு மூணு லிட்டராவது குடிக்கணும். இங்கயே முடியலைன்னா அங்க போய் விழுந்துடுவீங்க. இப்ப ஒண்ணும் கெட்டுப் போகல, தண்ணி குடிச்சாலே இறங்கற நம்பர்தான். ஆறு வாரம் கழிச்சு வாங்க. இறங்கியிருந்தா கையெழுத்து, இல்லைன்னா இல்ல.”

ஆறு வாரம் முடிந்து நாலாம் நாள் விமானம். 

வீட்டுக்கு வந்ததும் ஒரு லிட்டர் பாட்டில் மூன்று வாங்கினேன். மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, எட்டு மணி, பத்து மணி, பன்னிரண்டு மணி என்று எழுதினேன். ஃபேக்டரியில் மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதிப் போட்டவளுக்கு இது என்ன பெரிய விஷயம்? முதல் வாரம் எல்லாம் கணக்காக இறங்கியது. கோட்டுக்குக் கோடு. எனக்கு ஒரே பெருமை. இரண்டாவது வாரம் ஜன்னலோரம் இருந்த செடி மஞ்சளாகி, வேர் அழுகிச் செத்தது.

“அடிப்பாவி! செடிக்கா ஊத்தின?”

“பாவம், வாடியிருந்துச்சுக்கா.”

“அது வாடல, மூழ்கிடுச்சு! அதோட கிட்னி இப்ப பிரமாதமா இருக்கும். உன்னோடது?”

தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு நான் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு மடக்காகக் குடிக்க வைத்தேன். குடிப்பாள். குடித்துவிட்டு வீட்டை விட்டு வெளியே கால் வைக்க மாட்டாள். கடைக்குப் போக வேண்டிய நாளில் குடிக்கவே மாட்டாள். அவளுக்குத் தண்ணீர் பிடிக்காமல் இல்லை. தண்ணீர் குடித்தால் அப்புறம் என்ன ஆகும் என்பதுதான் பிரச்சினை. வெளியிடத்தில், முன்பின் தெரியாதவர்கள் நடுவில், ‘எனக்குப் போகணும்’ என்று அவளால் சொல்ல முடியாது. கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, பஸ், எங்கேயும் அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. அங்கே ஒரு நகரத்துக்கும் அடுத்த நகரத்துக்கும் ஏழு மணி நேரம் பஸ். நடுவில் மணலைத் தவிர ஒன்றும் கிடையாதாம்.

இதற்கு நடுவில் இரண்டு பேருக்கும் அந்தப் பதினோரு பாக்கெட் கோட்டைத் தைத்தாள். ஆயிரக்கணக்கில் தைத்திருக்கிறோம், எங்களுக்கென்று ஒன்று கிடையாது. டூர்காரர் கொடுத்த பட்டியலில் ‘தண்ணீர் பாட்டில் வைக்கும்படியான மேலுடை’ என்று இருந்தது. போட்டுப் பார்த்தேன், அச்சாக இருந்தது. லிட்டர் பாட்டிலை எடுத்து இடது கீழ்ப் பாக்கெட்டில் வைத்தேன். உள்ளே போகவில்லை. அரை லிட்டர் பாட்டில்தான் போகும்.

யாருக்கு வேண்டுமானாலும் அளவு தப்பலாம். ‘பாக்கெட்’டுக்கே பாக்கெட்டில் அளவு தப்புமா? நான் அவளைப் பார்த்தேன். அவள் நூல் பிசிறை வெட்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். ஏனென்றால் இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும்.

இதைச் சொல்லாமல் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.

எங்கள் லைனுக்கு ஒரு டோக்கன் உண்டு. உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு பிளாஸ்டிக் வட்டம், மேலே ஓட்டை. சூப்பர்வைசர் மேசை ஓரத்தில் ஆணியில் தொங்கும். யாருக்குப் போக வேண்டுமோ அவள் எழுந்து வந்து கேட்டு, டோக்கனை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அது ஆணியில் இல்லையென்றால் யாரோ போயிருக்கிறார்கள், காத்திருக்க வேண்டும். நாற்பத்திரண்டு பேருக்கு ஒரு டோக்கன். ‘ஒண்ணுக்குப் போகணும்’ என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். “டோக்கன்” என்பார்கள், அவ்வளவுதான். மேசை என்னுடையது. ஆணியும் என்னுடையது.

சின்னவளை வேலைக்குச் சேர்த்துவிட்ட முதல் நாளே அவளிடம் சொன்னேன். “நீ என் தங்கச்சி. நீ வந்து டோக்கன் கேட்டு நான் குடுத்தா, சொந்தக்காரிக்கு ஒரு நியாயம்னு லைனே பேசும். காலையில தண்ணி குடிக்காத. பிரச்சினையே இல்ல.” ஏதோ பெரிய உபாயம் மாதிரி சொன்னேன். அவளும் தலையாட்டினாள்.

முதல் பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு தடவை கேட்டாள். சரக்கு ஏற்றுகிற நாள். மதியம் மூன்றரை மணி. மேனேஜர் என் பக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். டோக்கன் ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது. குரலே வரவில்லை.

“அக்கா... டோக்கன்.”

“லாரி நிக்குது, இப்ப என்ன உனக்கு அவசரம்? போய் உக்காரு” என்றேன். மேனேஜர் காதில் விழும்படி, சத்தமாக.

போய் உட்கார்ந்தாள். ஐந்தரைக்கு மணி அடித்தது, எல்லோரும் எழுந்தார்கள். அவள் எழவில்லை. தைத்து முடித்த ஒரு கோட்டை எடுத்து மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிட்டே போனதும்தான் எனக்குப் புரிந்தது. ஹால் காலியாகும் வரை நான் அவளை மறைத்துக்கொண்டு நின்றேன். என் சால்வையை அவள் இடுப்பில் கட்டி வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.  அதற்குப் பிறகு பதினோரு வருஷம் வேலை பார்த்தாள், நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவள் டோக்கன் கேட்கவும் இல்லை.

நான் என்ன ராட்சசியா? எனக்கு மேலே ஒருவன் நின்றுகொண்டிருந்தான். இப்படி எனக்கு நானே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். டோக்கன் ஆணியில் தொங்கியதே, அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

நாலாவது வாரம் டூர்காரர் ஒத்திகைப் பயணம் வைத்தார். அவர் முன்னாள் விளையாட்டு ஆசிரியர், கழுத்தில் இன்னமும் விசில் தொங்கும். முப்பத்தாறு பேரையும் பஸ்ஸில் ஏற்றி, ஊருக்கு வெளியே இரண்டரை மணி நேரத் தூரத்தில் ஒரு பழைய கல்குவாரிக்குக் கூட்டிப் போய், மணலிலும் ஜல்லியிலும் நடக்க வைத்துத் திரும்பக் கொண்டுவருவது. நடக்க முடியாதவர்கள் யார் என்று இங்கேயே தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

பஸ் கிளம்பியதும் எல்லோருக்கும் ஒரு பாட்டில் கொடுத்தார். “மணிக்கு ஒரு தடவை விசில் அடிப்பேன். விசில் அடிச்சா குடிக்கணும். தாகம் எடுக்குதா இல்லையான்னு யோசிக்கக் கூடாது. ஏதாவது சந்தேகம் இருக்கா?” என்றார்.

சந்தேகத்துக்கா பஞ்சம்? செல்போன் சார்ஜர் அங்கே பொருந்துமா, தொப்பி எந்த நிறத்தில் வாங்குவது, ஒட்டகம் கடிக்குமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஏழு மணி நேர பஸ்ஸில் ஒண்ணுக்குப் போக வேண்டி வந்தால் என்ன செய்வது என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. என் பக்கத்தில் இருந்தவளுக்குக் கேட்க வேண்டியது அது ஒன்றுதான். கைகள் இரண்டையும் தொடைக்கு நடுவில் இறுக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

விசில் அடித்தது. பாட்டிலை வாயில் வைத்தாள், தொண்டை அசையவில்லை. “குடிச்சுத் தொலைடி” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். இரண்டாவது விசிலுக்கும் அதே நாடகம். குவாரியில் வெயில் சுள்ளென்று அடித்தது. அரை மணி நேரம் நடந்திருப்போம், அவள் கால் பின்னியது. நான் பிடித்துக்கொண்டேன். விளையாட்டு ஆசிரியர் கண்ணுக்குத் தப்புமா?

“அம்மா, உங்க பாட்டிலக் காட்டுங்க.”

காட்டினாள். நிறைகுடம்.

“போன வருஷம் இப்படித்தான் ஒருத்தங்க ஏமாத்தினாங்க. அங்க ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு ஓடினேன். மன்னிச்சுக்கோங்கம்மா, குடிக்காதவங்கள நான் விமானத்துல ஏத்த மாட்டேன். டாக்டர் கையெழுத்துப் போட்டாலும் ஏத்த மாட்டேன்.”

முப்பத்து நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.  சின்னவள் மூடியைத் திறந்து, நின்றபடியே, பாட்டில் முழுவதையும் குடித்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. காலி பாட்டிலை அவரிடம் கொடுத்தாள்.

திரும்பும் வழியில் முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முழங்கால்கள் ஒட்டிக்கொண்டன. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கிப் போட்டது. நான் அவளைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லுடி, சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் மன்றாடினேன். இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. இன்றைக்கு மறுபடி அது நடந்தால் இவள் பாலைவனம் என்ன, பக்கத்துத் தெருவுக்குக்கூட இனிமேல் வரமாட்டாள் என்று பயமாக இருந்தது.

அவள் என் பக்கம் திரும்பினாள். அதே முகம். அதே குரல்.

“அக்கா... டோக்கன்.”

நான் எப்படி எழுந்தேன் என்று தெரியாது.

“டிரைவர்! வண்டிய நிறுத்துங்க! என் தங்கச்சி ஒண்ணுக்குப் போகணும்!”

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டூர்காரர் ஓடி வந்தார். “அம்மா, இன்னும் இருபது நிமிஷத்துல நிறுத்தற இடம் வந்துடும், கொஞ்சம்...”

“குடி குடின்னு விசில் அடிக்கத் தெரியுதுல்ல? குடிச்சா போகணும்னு தெரியாதா? நிறுத்தச் சொல்றீங்களா, இல்ல நான் ஸ்டீயரிங்கப் பிடிக்கவா?”

டிரைவர் நல்ல மனுஷன். பேசாமல் ஓரம் கட்டினார். ஒரு டயர் கடை. கடைக்காரர் பின்பக்கம் கையைக் காட்டினார். சின்னவள் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நான் வாசலில் காவல் நிற்கலாம் என்று இறங்கிப் பார்த்தால், எனக்குப் பின்னால் ஒன்பது பெண்கள், நாலு ஆண்கள். ஒட்டகம் கடிக்குமா என்று கேட்ட மனுஷன் முதல் ஆளாக வரிசையில் நின்றான். “நீங்க கத்தினீங்க, நாங்க பிழைச்சோம்” என்றாள் ஒரு பேங்க்கார அம்மாள். டூர்காரர் விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, இனிமேல் ஒன்றரை மணிக்கு ஒரு தடவை கட்டாயம் நிறுத்துவதாகத் தாளில் எழுதிக்கொண்டார்.

பஸ் கிளம்பியது. சின்னவள் ஈரக் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அன்னிக்கும் இப்படிக் கத்தியிருக்கலாம்லக்கா?”

கோபமாகக் கேட்கவில்லை. மழை வந்தா கரையாதா என்று கேட்டாளே, அந்த மாதிரிதான் கேட்டாள். 

“தப்புதான்டி” என்றேன். “பெரிய தப்பு.”

“ம்” என்றாள். அவ்வளவுதான். பதினோரு வருஷத்துக்கு ஒரு ‘ம்’.

அடுத்த இரண்டு வாரமும் நான் எதிரில் உட்காரவில்லை. கோடு போட்ட பாட்டில்கள் தானாகக் காலியாயின. செத்த செடியின் தொட்டியை எட்டிப் பார்த்தேன், மண் காய்ந்துதான் இருந்தது. டாக்டர் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்தார். ஒருமுறை பார்த்தார், பழைய தாளை எடுத்து அதையும் பார்த்தார். “ஒண்ணு புள்ளி ஒண்ணு. பரவாயில்லையே!” என்று பேனாவைத் திறந்தார். நான் வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதேன். அவள் பக்கத்தில் நின்று தாளை மடித்து உறையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

கிளம்புகிற நாள் காலையில் விமான நிலையத்துக்கு நாலு மணி நேர பஸ் பயணம் இருந்தது. பெட்டிகளைப் பூட்டிவிட்டு என் கோட்டை மாட்டினேன். இடது பக்கம் என்னமோ கனத்தது. கையை விட்டுப் பார்த்தால் ஒரு லிட்டர் பாட்டில். பாக்கெட்டைப் பிரித்துப் பெரிதாகத் தைத்திருக்கிறாள். அவளுடையதிலும் அதே போல.

“எனக்கெதுக்குடி இவ்வளவு தண்ணி? எனக்குத்தான் தாகமே எடுக்காதே. உடம்பு வாகு.”

“ஒத்திகை அன்னிக்கு உன் பாட்டில் சீலே பிரிக்கல. குவாரியில ஒரு சொட்டு குடிக்கல. டயர் கடையில எல்லாரும் போனாங்க, நீ வாசல்ல நின்ன.” கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள். “இருபத்திரண்டு வருஷமா உன் மேசையிலதான் தொங்குச்சு. நீ எடுத்துட்டுப் போய் நான் ஒரு நாள் பாத்ததில்லக்கா.”

 சூப்பர்வைசரே எழுந்து போனால் லைன் என்ன ஆகும் என்று நான் முதல் நாளே எனக்குச் சொல்லிக்கொண்டது, இவளுக்கு எப்படித் தெரியும்?

பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது. சின்னவள் என் பாக்கெட்டிலிருந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, என் கையில் கொடுத்தாள்.

“குடிக்கா. வண்டிய நிறுத்தச் சொல்லி நான் கத்தறேன்.”